பொட்டு வைத்த பணியாரம்

அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனில் டீ விற்ற மனிதருக்கு அது தெரியவில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்றதும் அவர் குரலை உயர்த்தினார். பிறகு இன்னும் உயர்த்தினார். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டீ வேண்டாம். வெந்நீர் மட்டும் போதும்," என்று சந்திரிகா இங்கிலீஷில் சொன்னாள்.

"அட, இந்தப் பொண்ணு பேசுதே!" என்றார் அவர், கூண்டுக்கிளி பேசியதைக் கேட்டவர் போல.

சந்திரிகாவுக்குப் பத்து வயது. ஊரிலிருந்து மெல்பர்னுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வந்த ஆறாவது மாதமே அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் இல்லாத வேலை. கடையில், பஸ்ஸில், டாக்டரிடம் அம்மா சொல்வதை இங்கிலீஷாக்க வேண்டும். அவர்கள் சொல்வதைத் தமிழாக்க வேண்டும்.

அந்த வேலைக்கு அவள் ஒரு தந்திரம் வைத்திருந்தாள். எதையும் சுருக்கிவிடுவாள். அம்மா பத்து வார்த்தை சொன்னால் இவள் இரண்டு வார்த்தை சொல்வாள். நீளமாகப் பேசினால் கடைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். சுருக்கிப் பேசினால் சீக்கிரம் வெளியே ஓடி வந்துவிடலாம்.

அது 1979ஆம் வருடம். சிட்னிக்கு வெளியே வெஸ்ட்மீட்டில் புதிதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரி திறந்திருந்தார்கள். அங்கே எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு அப்பாவை நேரில் வரச் சொல்லி, கடிதம் வந்திருந்தது. மூன்று பேரும் இரவு ரயிலில் மெல்பர்னிலிருந்து கிளம்பி, காலையில் வந்து இறங்கியிருந்தார்கள்.

அப்பா டையைச் சரிசெய்துகொண்டே சந்திரிகாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏ சந்திரி, இன்னைக்கு அமாவாசை. உங்கம்மை நேத்து ராத்திரியே ஒண்ணும் சாப்பிடல. மத்தியானம் எப்படியாவது ஏதாவது சாப்பிட வச்சிரு, என்ன?"

"அம்மாதானேப்பா என்னைச் சாப்பிட வைக்கணும்?"

"இன்னைக்கு ஒரு நாள் மாத்திக்கோங்க," என்றார் அப்பா. "நாலு மணிக்கு இந்தக் கடிகாரத்துக்குக் கீழ நில்லுங்க. வந்துருதேன்."

அவர் வெஸ்ட்மீட் ரயிலைப் பிடிக்க ஓடினார்.

அம்மாவின் அமாவாசை விரதத்துக்குப் பின்னால் ஒரு சண்டை இருந்தது. போன வருடம் ஊரில் அம்மாவின் அப்பா இறந்துபோனார். தந்தி மெல்பர்ன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. அவளுடைய பெரியப்பா மகன் நாகராஜன் மாமாதான் கடிதம் எழுதினார். 'திலகம், நீ பொம்பளப் பிள்ளை. விரதம் கிரதம் என்று எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே. அதையெல்லாம் ஆண்பிள்ளைகள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'

அம்மா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

"எங்கப்பா பெத்தது என்னைத்தான். அவனை இல்ல," என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் அம்மா விரதம். உச்சிவேளை வரைக்கும் தண்ணீர் மட்டும். அதன்பிறகு முதல் கவளத்தைப் பறவைக்கு வைத்துவிட்டு ஒரு வேளை சாப்பாடு. கறி, மீன், முட்டை எதுவும் ஆகாது. நேற்றுச் சமைத்ததும் ஆகாது. மற்ற நாட்களில் மீன் குழம்பில் தலையைத் தேடி எடுத்துச் சாப்பிடுகிறவள்தான் அம்மா. அமாவாசை என்றால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள்.

ரயிலுக்குக் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு நேற்றுச் சமைத்தது. அதனால் அதை அப்பாவும் சந்திரிகாவும்தான் காலி செய்தார்கள்.

மணி பன்னிரண்டு ஆனதும் சந்திரிகா அம்மாவை ஒரு சாண்ட்விச் கடைக்குக் கூட்டிப் போனாள். வெறும் சீஸ் வைத்து ஒன்று கேட்டாள். கடைக்காரர் பன்றி இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்த கத்தியைத் தன் ஏப்ரனில் ஒரு தடவு தடவிவிட்டு, அதே கத்தியால் சீஸை வெட்டினார்.

"வாட்டி, போவோம்," என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

பழமாவது வாங்கலாம் என்று ஹேமார்க்கெட் சந்தைக்கு நடந்தார்கள். சந்தை பூட்டிக் கிடந்தது. வார இறுதியில்தான் திறப்பார்களாம். பூட்டிய கதவுக்கு வெளியே ஒரு நசுங்கிய முட்டைக்கோஸ் மட்டும் கிடந்தது.

அம்மா அங்கிருந்த படியில் உட்கார்ந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த அப்பாவின் கம்பளிக் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவளுடைய கை நடுங்கியதைச் சந்திரிகா பார்த்தாள்.

"குளுருதாம்மா?"

"எனக்கு ஒண்ணும் இல்லட்டி. கொஞ்சம் கிறுகிறுன்னு வருது. சாயங்காலம் பாத்துக்கிடலாம்."

"சாயங்காலம் நாலு மணிக்கு!"

"அதுக்குள்ள செத்தா போயிருவேன்?"

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. இந்த ஊரில் அம்மா மயங்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவது? அவர்களிடம் எதைச் சுருக்கிச் சொல்வது?

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. சர்க்கரையும் சூடான மாவும் சேர்ந்த வாசனை. அடுத்த தெருவிலிருந்து காற்றில் வந்தது.

அம்மாவும் மூக்கை உயர்த்தினாள். "யாரோ பலகாரம் சுடுதாங்க," என்றாள்.

அது டிக்சன் தெரு. சீனக் கடைகள் நிறைந்த தெரு. சிவப்புப் பலகைகளில் இருந்த எழுத்துகளைச் சந்திரிகாவாலும் படிக்க முடியவில்லை. ஏனோ அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே அவளும் அம்மாவும் ஒன்றுதான்.

வாசனை வந்த கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாகப் பண்டங்கள். மேலே பளபளவென்று மினுக்கும் பன் ஒரு தட்டில். நடுவில் முட்டைப்பால் மஞ்சளாகத் தளும்பும் சின்னச் சின்ன மாவுக் கிண்ணங்கள் இன்னொரு தட்டில். அதற்குப் பக்கத்தில் வட்டமான பணியாரம். அதன் மேல்தோல் காகிதம் போல அடுக்கடுக்காக உரிந்திருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் அழகாக ஒரு சிவப்புப் பொட்டு.

"ஏட்டி, பொட்டு வச்சிருக்காங்க பாரு!" என்றாள் அம்மா. அன்று காலையிலிருந்து அவள் குரலில் இவ்வளவு உயிர் இல்லை. "சாமிக்குப் படைக்கிற பண்டமாத்தான் இருக்கும். கறி வச்ச பண்டத்துக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா?"

சந்திரிகாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

உள்ளே போனார்கள். கல்லாவுக்குப் பின்னால் குட்டையான ஒரு பெண் நின்றாள். அம்மாவை விடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு.

"நல்லா கேளுட்டி," என்றாள் அம்மா. "கறி, மீன், முட்டை இருக்கான்னு கேளு. கொழுப்பு ஏதும் போட்டுப் பிசைஞ்சிருக்கான்னு கேளு. இன்னைக்கு எனக்கு விரதம், அதனாலதான் இவ்வளவும் கேக்கேன்னும் சொல்லு."

சந்திரிகா வாயைத் திறந்தாள். அதே நேரம் கதவு மணி அடித்தது. பின்னால் மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருவர் ஏற்கெனவே உச்சுக்கொட்டினார்.

சந்திரிகா பொட்டு வைத்த பணியாரத்தைக் காட்டினாள். "நோ மீட்?" என்று மட்டும் கேட்டாள்.

"நோ மீட்! நோ மீட்!" என்றாள் அந்தப் பெண். "வெரி நைஸ்!"

"இல்லையாம்மா."

"எல்லாம் கேட்டியா?"

"கேட்டேன்," என்றாள் சந்திரிகா.

இரண்டு பணியாரங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கடை ஜன்னலுக்குக் கீழே உட்கார வசதியாக ஒரு கல்திட்டு இருந்தது. அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு துண்டைப் பிட்டு, நடைபாதை ஓரத்தில் இருந்த தாழ்வான சுவர்மேல் வைத்தாள். கைகூப்பினாள். கண்ணை மூடி, தன் அப்பாவின் பெயரை உதட்டுக்குள் சொன்னாள்.

தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். சந்திரிகா தன் ஷூவைப் பார்த்தாள்.

அம்மா கண்ணைத் திறந்து மேலே தேடினாள். எந்தப் பறவையும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, மீதிப் பணியாரத்தை வாய்க்குக் கொண்டுபோனாள்.

கடைக் கதவு படாரென்று திறந்தது.

"ம்ஹோ! ம்ஹோ!"

அந்தக் கடைக்காரப் பெண்தான். கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அம்மாவின் கையிலிருந்த பணியாரத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். மடியில் இருந்த பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள். சுவர்மேல் வைத்த துண்டைக்கூட விடவில்லை. "ம்ஹோ! ம்ஹோ!" என்று கையை ஆட்டி, ஏதேதோ வேகமாகச் சொன்னாள். பிறகு கடைக்குள் திரும்பி ஓடினாள்.

அம்மாவின் கை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. கையில் எதுவும் இல்லை.

"பாத்தியா?" என்றாள் மெதுவாக. "ம்ஹூம்னு சொல்லுதா. உனக்குக் கிடையாதுன்னு சொல்லுதா. வித்ததையே பிடுங்கிட்டுப் போறா."

"அம்மா…"

"எந்திரிட்டி. போவோம். எனக்கு இந்த ஊர்ல யார் கடைச் சோறும் வேண்டாம்."

அம்மா எழுந்தாள். எழுந்த வேகத்தில் தள்ளாடி ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

சந்திரிகாவுக்குக் கோபம் வந்தது. காது வரை சூடாக வந்தது. அவளுக்கு 'நோ' புதிதில்லை. இரண்டு வருடத்தில் எத்தனை விதமான நோ! சிரித்துக்கொண்டே சொல்லும் நோ உண்டு. பேப்பரைப் புரட்டிக்கொண்டு முகம் பார்க்காமல் சொல்லும் நோ உண்டு. ஒருமுறை வாடகைக்கு வீடு கேட்கப் போனபோது, ஜன்னல் திரையை மட்டும் இழுத்து மூடினார்கள். அதுவும் நோதான். 'வீடு வேற யாருக்கோ போயிருச்சாம்மா' என்று அன்று அவள் மொழிபெயர்த்தாள்.

ஆனால்…

சந்திரிகா கீழே பார்த்தாள். நடைபாதையில் ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு. கடைக்காரப் பெண் ஓடி வந்தபோது கழன்று விழுந்தது.

இதுவரை நோ சொன்னவர்களில் ஒருவர்கூட இருந்த இடத்தை விட்டு அசைந்ததில்லை. அவர்களுக்கு அது அவ்வளவு சுலபம். இந்தப் பெண்ணோ, வரிசையில் ஆள் நிற்கும்போது கல்லாவை விட்டுவிட்டு, குளிரில் ஓடி வந்திருக்கிறாள். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல். துரத்துவதற்காக யாராவது இவ்வளவு பாடுபடுவார்களா?

இல்லை என்று அவள் சொன்னது புரிந்தது. எது இல்லை என்பதுதான் புரியவில்லை.

"அம்மா, ஒரு நிமிஷம் இரு. நான் கேட்டுட்டு வாரேன்."

"என்னத்தக் கேக்கப் போற? பட்டது போதாதா?"

"நான் முதல்ல சரியா கேக்கலம்மா," என்றாள் சந்திரிகா. சொன்னதும் அவள் முகம் சிவந்தது. "நீ சொன்னதெல்லாம் நான் கேக்கல. கறி இருக்கான்னு மட்டும்தான் கேட்டேன். பின்னால ஆள் நின்னாங்க."

அம்மா அவளையே பார்த்தாள். "எல்லாம் கேட்டேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. சந்திரிகா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள் போனாள்.

வரிசையில் இப்போது நான்கு பேர். உச்சுக்கொட்டியவர் இன்னும் நின்றார். சந்திரிகா அவரைத் தாண்டி நேராக முன்னால் போனாள்.

"எக்ஸ்க்யூஸ் மீ," என்றாள். "இதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

செருப்பைப் பார்த்ததும் கடைக்காரப் பெண் தன் காலைப் பார்த்தாள். "ஐயா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அது தமிழ் மாதிரியே இருந்தது. பிறகு மறுபடியும் படபடவென்று பேசினாள். சந்திரிகாவுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. இங்கிலீஷில் கேட்டுப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு 'நோ மீட்', 'வெரி நைஸ்', அப்புறம் விலைகள். அதற்கு மேல் தெரியவில்லை.

சந்திரிகா ஒரு கணம் யோசித்தாள். பொட்டு வைத்த பணியாரத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். இரண்டு கையையும் மடக்கி இறக்கை போல அடித்தாள்.

"கொக்… கொக்… கொக்கரக்கோ?"

வரிசையில் ஒருவர் இருமினார். கடைக்காரப் பெண்ணின் கண் விரிந்தது. புரிந்துவிட்டது! தலையை ஆட்டி மறுத்தாள்.

சந்திரிகா தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ம்ம்மாஆஆ…!"

வாசலிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னட்டி?"

"உன்னைக் கூப்பிடலம்மா! நான் மாடு!"

கடைக்காரப் பெண் அதற்கும் தலையாட்டி மறுத்தாள். பிறகு தன் மாவுக் கையை உயர்த்தி, ஆள்காட்டி விரலால் தன் மூக்கை மேலே தூக்கினாள். மூக்குத் துவாரம் இரண்டும் வட்டமாகத் தெரிந்தன. கன்னத்தை உப்பிக்கொண்டாள்.

"க்ரோய்ங்க்… க்ரோய்ங்க்!"

பன்றி!

உள் அறையிலிருந்து மாவு படிந்த முகத்தோடு ஓர் ஆள் தலையை நீட்டினான். அவளுடைய கணவன் போலிருக்கிறது. அவள் செய்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பிறகு, இது சரியில்லை என்பது போல, தானே ஒரு தடவை உறுமிக் காட்டினான். அது நிஜப் பன்றி மாதிரியே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு டின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டிக் கொழுப்பு. அதை அள்ளி மாவில் போட்டுப் பிசைவது போல ஜாடை காட்டினாள். பொட்டுப் பணியாரத்தைத் தொட்டாள். கண்ணாடி வழியே அம்மாவைக் காட்டினாள். கைகூப்பிக் கண்ணை மூடினாள், அம்மா செய்தது போலவே. பிறகு கண்ணைத் திறந்து, "ம்ஹோ!" என்றாள்.

ம்ஹோ என்றால் 'கூடாது' என்று சந்திரிகாவுக்குப் புரிந்தது.

இறைச்சி இல்லை என்று அவள் சொன்னது உண்மைதான். கொழுப்பைப் பற்றி யாரும் அவளிடம் கேட்கவில்லையே. அம்மா கைகூப்பியதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது.

ஆனால் கைகூப்பினால் விரதம் என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

அதைக் கேட்க எந்த மிருகமும் உதவாது. சந்திரிகா அம்மாவைக் காட்டினாள். பிறகு கையை விரித்து, 'எப்படி?' என்பது போலப் புருவத்தைத் தூக்கினாள்.

அந்தப் பெண் சுவர்ப் பக்கம் கை நீட்டினாள். உயரத்தில் ஒரு சின்னச் சிவப்பு மாடம். அதில் ஒரு கிழவரின் புகைப்படம். முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. மூன்று ஆரஞ்சுப் பழம். ஒரு தட்டில் எள் ஒட்டிய உருண்டைகள். அவள் புகைப்படத்தைக் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். "பாபா," என்றாள்.

அடுத்து இரண்டு கையாலும் காற்றில் பெரிய வட்டம் போட்டாள். வட்டத்தைச் சின்னதாக்கினாள். இன்னும் சின்னதாக்கினாள். கடைசியில் கையை மூடிவிட்டாள். ஜன்னல் வழியாக வானத்தைக் காட்டினாள்.

"அம்மா!" என்று கத்தினாள் சந்திரிகா. "உள்ள வா! இவங்களுக்கும் இன்னைக்கு அமாவாசை!"

அம்மா தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். சந்திரிகா நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தையைக்கூடச் சுருக்கவில்லை. பன்றிக் கொழுப்பைச் சொன்னாள். டின்னைச் சொன்னாள். புகைப்படத்தில் இருப்பது யார் என்று சொன்னாள். கடைசியில், "அவங்க பிடுங்கலைன்னா உன் விரதம் போயிருக்கும்மா. என்னாலதான் போயிருக்கும்," என்றாள்.

அம்மா அந்தக் கொழுப்பு டின்னைப் பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு மாடத்தின் முன்னால் போய் நின்று, முன்பின் தெரியாத அந்தக் கிழவரைக் கும்பிட்டாள்.

கடைக்காரப் பெண் உள்ளே ஓடி ஒரு தட்டோடு வந்தாள். அதே எள் உருண்டைகள். இவை விற்பனைக்கு வைத்தவை அல்ல. தங்கள் வீட்டுக்கென்று எடுத்துவைத்தவை. சூடாக ஆவி பறந்தது. "நோ மீட்," என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்த வார்த்தையை இனி யார் நம்புவார்கள்?

"கேளுட்டி," என்றாள் அம்மா. "இந்தத் தடவை முழுசாக் கேளு."

சந்திரிகா மூக்கைத் தூக்கினாள். "க்ரோய்ங்க்?"

"மோ," என்றாள் அந்தப் பெண்.

சந்திரிகா திடுக்கிட்டாள். ஊரில் மாடு 'அம்மா' என்று கத்தும். ஆனால் மெல்பர்ன் பள்ளிக்கூடத்தில் மாடு 'மூ' என்றுதான் கத்தும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அம்மா, மாட்டுக் கொழுப்பு போட்டிருக்காங்களாம்!"

"ஐயையோ!"

"மோ! மோ!" அந்தப் பெண் பதறிப்போய் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வெறும் கை.

சந்திரிகா யோசித்தாள். இறக்கையை அடித்தாள். "கொக்கரக்கோ?"

"மோ."

கையை மீன் போல நெளித்தாள்.

"மோ."

"அம்மா, மோன்னா மாடு இல்ல! மோன்னா 'இல்லை'!"

"எதுக்கும் மாட்டையும் ஒருக்கா கேட்டுரு," என்றாள் அம்மா.

சந்திரிகா கொம்பு வைத்துக்கொண்டு கத்தினாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே, "மோ… மோ…" என்றாள். பிறகு அவர்களைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். நிலக்கடலைப் படம் போட்ட எண்ணெய் டின்னைக் காட்டினாள். ஊறவைத்த சிவப்புப் பயறைக் காட்டினாள். சர்க்கரையைக் காட்டினாள்.

அம்மா பயறில் நான்கை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். "தட்டப்பயறு மாதிரி இருக்கு," என்றாள். எண்ணெய் டின்னை முகர்ந்தாள். "சுத்தமான கடலை எண்ணெய்." எள் உருண்டையை ஒன்று பிட்டாள். உள்ளே இனிப்புப் பூரணம்.

"ஏட்டி, இது நம்ம சுசியம்லா! எள்ளைப் பொரட்டி வேசம் போட்டிருக்காங்க!"

ஆறு உருண்டைகளோடு வெளியே வந்து, அதே கல்திட்டில் உட்கார்ந்தார்கள். அம்மா மறுபடியும் ஒரு துண்டைச் சுவர்மேல் வைத்தாள். மறுபடியும் கைகூப்பினாள். இந்தத் தடவை தெருவில் போனவர்கள் பார்த்தபோது, சந்திரிகா அவர்களைத் திருப்பிப் பார்த்தாள்.

எங்கிருந்தோ சர்ரென்று ஒரு பறவை வந்து இறங்கியது. துண்டை ஒரே வாயில் விழுங்கியது. காகம் இல்லை. கொழுத்த வெள்ளைக் கடற்பறவை. விழுங்கிவிட்டு அம்மாவை முறைத்து, இன்னும் கேட்டுக் கத்தியது.

"காக்கா இல்லையேம்மா. பரவாயில்லையா?"

அம்மா அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் நீர் நிரம்பியது. ஆனால் வாய் சிரித்தது.

"எங்கப்பாவும் இப்படித்தான். முதல் பலகாரத்தை வாயில போட்டுட்டு, அடுத்தது எங்கேன்னு அடுப்படியிலயே நிப்பாரு."

பிறகு அம்மா சாப்பிட்டாள். முதல் உருண்டையை மெதுவாக. இரண்டாவதைக் கொஞ்சம் வேகமாக. எள் அவளுடைய உதட்டிலும் அப்பாவின் கோட்டிலும் ஒட்டிக்கொண்டது. மூன்றாவதை எடுக்கும்போது அவள் கை நடுங்கவில்லை. சந்திரிகா கவனித்துப் பார்த்தாள். கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"சந்திரி."

"என்னம்மா?"

"ஆள் நின்னா நிக்கட்டும். உச்சுக்கொட்டுனா கொட்டட்டும். நான் கேக்கச் சொன்னதைக் கேளு. கேக்க முடியலைன்னா, முடியலைன்னு எங்கிட்டச் சொல்லு."

"சரிம்மா."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் நீயும் பேசுவ," என்றாள் அம்மா. சந்திரிகாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த எள்ளைத் துடைத்துவிட்டாள்.

மூன்றாவது உருண்டையில் பாதி இருக்கும்போது அம்மா நிறுத்தினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, நான் சுசியம் சுட்டா எண்ணெயில வெடிச்சுப் போகுது. இது எப்படி வெடிக்காம இவ்வளவு உருண்டையா இருக்கு?"

சந்திரிகா எழுந்தாள். "கேட்டுட்டு வரட்டுமா?"

"நீ இரு. நீ இன்னும் ஒண்ணுகூட ஒழுங்காச் சாப்பிடல," என்றாள் அம்மா. கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு கதவைத் தள்ளி, தனியாக உள்ளே போனாள்.

சந்திரிகா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அம்மா காற்றில் உருண்டை பிடித்தாள். அதை எண்ணெயில் போட்டாள். இரண்டு கையையும் விரித்து, "டமார்!" என்றாள். வெளியே வரைக்கும் கேட்டது. கடைக்காரப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கொஞ்சம் மாவை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அழுத்தும் விதத்தைக் காட்டினாள். ஒருத்தி தமிழிலும் ஒருத்தி சீனத்திலும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் சந்திரிகாவைக் கூப்பிடவில்லை.

அவள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தாள். ஒரு உருண்டையை எடுத்து, அவசரமே இல்லாமல் கடித்தாள்.